மருதம்பட்டை: எண் குறைந்தால் விலையும் குறையுமா?

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் எங்கள் வாய்க்கால் கரையில் 40 நீர்மருது மரங்கள் நிற்கின்றன. பட்டையை உரித்து, ஒரு ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தோம். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி மேல் மெத்தனால் சாற்றுக்கு 15 மி.மீ. வளையம் (சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்), தண்ணீர்ச் சாற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்கும் டிபிபிஎச் சோதனையில் ஐசி50 மதிப்பு 22. பக்கத்து ஊர்ப் பட்டைக்கு 60 வந்ததாம். எங்கள் சரக்கு மட்டம் என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். பட்டையில் குறையா?

பதில்: வியாபாரி கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார் ஐயா. டிபிபிஎச் கரைசலின் ஊதா நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதே ஐசி50. குறைவாகத் தேவைப்பட்டால் வீரியம் அதிகம். அதற்காக 22-ஐப் பிடித்துக்கொண்டு சண்டைக்கும் போகாதீர்கள். ஒரே ஆய்வகத்தில், ஒப்பீட்டுக்கு அஸ்கார்பிக் அமிலத்தையும் (வைட்டமின் சி) சேர்த்து வைத்துப் பார்த்த எண்களைத்தான் ஒப்பிடலாம். துவர்ப்புள்ள கருவேலம்பட்டையும் இதில் நன்றாகவே தேறும்; ஆகவே இந்த எண் மருதுக்கே உரிய அடையாளம் அல்ல.

தண்ணீர்ச் சாற்றுக்கு வளையம் வராததும் குறையல்ல. பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினின் பெரிய மூலக்கூறுகள், கிருமி வளர்க்கும் அகார் கூழில் எளிதில் பரவாது. திரவ ஊடகத்தில் பாதி பாதியாக நீர்க்கவைத்து எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பார்க்கச் சொல்லுங்கள். 15 மி.மீ.க்கு ஒரு காகித வட்டில் எவ்வளவு சாறு ஏற்றினார்கள்? 5 மி.கி. என்றால், ஒப்பீட்டுக்கு வைக்கும் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் போல 500 மடங்கு. சாறு கலக்காத வெறும் டிஎம்எஸ்ஓ (சாற்றைக் கரைக்கும் திரவம்) வட்டும் வைத்தார்களா என்று கேளுங்கள். அது இல்லாத அறிக்கை வெறும் காகிதம்.

பட்டையை எப்படி உரித்தீர்கள், எங்கே காயவைத்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. சரக்கின் தரம் அங்கேதான் இருக்கிறது. மேல்பட்டையும் நடுப்பட்டையும் மட்டும் எடுங்கள், உள்பட்டையைத் தொடாதீர்கள். சுற்றளவில் கால் பங்குக்கு மேல் போகாமல் நீளவாக்கில் உரியுங்கள். அந்தக் காயம் மூடிய பிறகே எதிர்ப்பக்கம். வளையமாக உரித்தால் மரம் பட்டுப்போகும். பாசியைச் சுரண்டிவிட்டு, இரண்டு அங்குலத் துண்டுகளாக்கி, நிழலில், தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டில் பரப்பித் தினமும் புரட்டுங்கள். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். தார்ரோட்டில் காயவைத்தால் மண் ஏறும். அரைகுறையாகக் காய்ந்ததைச் சாக்கில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை சுரக்கும் கிருமிக்கொல்லியால்கூட தட்டில் வளையம் தெரியலாம்! அதை மருதின் வீரியம் என்று விற்கும் ஆட்களும் உண்டு.

விலை பேச வளையம் உதவாது. ஆயுர்வேத மருந்துத் தரநூல் (ஃபார்மகோபியா) சொல்லும் அளவுகளுக்குச் சோதிக்கக் கொடுங்கள்: அந்நியப் பொருள் 2 சதவீதத்துக்குள், அமிலத்தில் கரையாத சாம்பல் (மண், மணல் கலந்ததைக் காட்டுவது) 1 சதவீதத்துக்குள், நீரில் கரைவதும் ஆல்கஹாலில் கரைவதும் தலா 20 சதவீதத்துக்குக் குறையாமல். மாதிரியை ஒரே மரத்தில் எடுக்காமல், பத்து மரத்துப் பட்டையைக் கலந்து நாலாகப் பிரித்து ஒரு பங்கைக் கொடுங்கள்.

அந்தக் கரை பட்டா நிலமா, புறம்போக்கா? புறம்போக்கு என்றால் மரம் உங்களுடையது அல்ல. கத்தி வைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.