வாசகர் கேள்வி–பதில்: நடுகல்லும் கேமராவும்

கேள்வி: செங்கம் வட்டார நடுகற்களை ஆய்வு செய்கிறேன். ஃபோட்டோகிராமெட்ரி முறையில், அதாவது பல கோணப் படங்களை மென்பொருளால் இணைத்து, முப்பரிமாண உருவம் எடுக்கச் சொல்கிறார் நெறியாளர். ஒரு கல்லுக்கு எத்தனை படம் வேண்டும்?
– ஆய்வு மாணவி, திருவண்ணாமலை

பதில்: எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேய்ந்த வட்டெழுத்தைப் படிப்பதுதான் நோக்கம் என்றால், ஒரு பிக்சலில் கல்லின் 0.1 மி.மீ. பரப்பு விழ வேண்டும். ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் உள்ள 24 மெகாபிக்சல் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 0.11 மி.மீ. கிடைக்கும், போதும். அந்தத் தூரத்தில் ஒரு படத்துக்குள் ஏறக்குறைய 67 × 45 செ.மீ. அடங்கும். ஒரு படமும் அடுத்த படமும் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஆகவே பக்கவாட்டில் 20 செ.மீ., மேல்கீழாக 15 செ.மீ. என நகர்த்திக்கொண்டே போங்கள். 80 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள கல்லுக்கு வரிசைக்கு 5 வீதம் 9 வரிசை, மொத்தம் 45 படம்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தட்டையான பரப்பை நேருக்கு நேர் மட்டுமே எடுத்தால் லென்ஸின் வளைவுப் பிழையை மென்பொருளால் சரியாகப் பிரித்தறிய முடியாது. முடிவில் கல் தாம்பாளம் போலக் குழிந்தோ புடைத்தோ நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் 20 பாகை சாய்த்து இன்னும் 20 படங்கள் எடுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பத்துப் படம் சேர்த்தால் இன்னும் நல்லது. பக்கங்களும் பின்புறமும் தேவையென்றால் அது தனிக் கணக்கு.

கேமரா அமைப்பு: எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு (சென்சாரின் மூலப் பதிவு), வெள்ளைச் சமநிலை நிலையாக. ஒருமுறை ஃபோகஸ் செய்தபின் மேனுவலுக்கு மாற்றி, வளையத்தை டேப் ஒட்டி நிறுத்திவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்: கேமராவோடு நிழலும் நகர்ந்தால் பொருத்தம் குலைந்துபோகும். மேகமூட்டமான நாள் உத்தமம். இல்லையேல் இருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெயிலை மறைக்கலாம்.

வழிபாட்டில் இருக்கும் கற்களில் எண்ணெய் ஏறிக் கருத்து மினுங்கும். அந்த மினுக்கம் ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் தெரியும். அதைக் கல்லின் புள்ளி என்று மென்பொருள் ஏமாறும். மின்விளக்கின் முன் போலரைசர் தாளும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸில் வட்டப் போலரைசரும் வைத்து, மினுக்கம் மறையும்வரை லென்ஸில் உள்ள போலரைசரின் வளையத்தைத் திருப்புங்கள். வெளிச்சம் வெகுவாகக் குறையும், முக்காலி கட்டாயம். கல்லைத் தேய்த்துக் கழுவுவதோ எழுத்தில் சாக்பீஸ் பூசுவதோ கூடவே கூடாது.

கேள்வி: கைப்பேசி போதாதா? என்னிடம் லைடார் உள்ள ஐஃபோன் இருக்கிறது.
– வரலாற்று ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: கேமராப் படங்கள் போதும், லைடார் போதாது. லேசர் ஒளியால் தூரம் அளக்கும் அந்த லைடார் அறை, மண்டபம் போன்றவற்றை அளக்க ஏற்றது. எழுத்தின் வெட்டை அதனால் பிடிக்க முடியாது. கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள்: 1எக்ஸ் லென்ஸ், எச்.டி.ஆர். அணைக்க முடிந்தால் அணைத்து, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டி. கிட்டப் போனால் சில மாடல்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறும், அதையும் நிறுத்திவிடுங்கள். எடுத்த படங்களை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, லென்ஸின் குவியத் தூரம் எழுதியிருக்கும் எக்சிஃப் தகவலையும் அழித்துவிடும். கேபிள் வழியாக மாற்றுங்கள்.

கேள்வி: பணம் செலவழிக்காமல் எந்த மென்பொருள்? அளவுகோலை எப்படிச் சேர்ப்பது?
– முதுகலை மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: மெஷ்ரூம் இலவசம், திறமூலம். ஆனால் முழுமையான மெஷ் (முக்கோண வலையாலான முப்பரிமாண உருவம்) எடுக்க என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு இல்லாத மடிக்கணினி என்றால் மெட்டாஷேப் மெதுவாகவாவது ஓடும். விலை உண்டு, கல்விச் சலுகையும் உண்டு. அதில் ஒரு சூட்சுமம்: ஆழப்படம் (ஒவ்வொரு புள்ளியின் தூரத்தைக் காட்டும் படம்) உருவாக்கும்போது ‘மீடியம்’ என்று தேர்ந்தால் படத்தை ஒவ்வொரு பக்கமும் நான்கில் ஒன்றாகச் சுருக்கிவிடும். பாடுபட்டு எடுத்த 0.11 மி.மீ. அங்கேயே 0.44 ஆகிவிடும். கணக்கிடும் பகுதியைக் குறிக்கும் எல்லைப் பெட்டியை எழுத்துப் பகுதிக்கு மட்டும் குறுக்கி ‘ஹை’யில் ஓட்டுங்கள்.

படங்களிலிருந்து வடிவம் வரும், அளவு வராது. எனவே கல்லின் இருபுறமும் நீளம் தெரிந்த அளவுக்கோல் ஒன்றொன்று வைத்து எடுக்க வேண்டும். மெட்டாஷேப்பின் ஸ்டாண்டர்ட் பதிப்பில் அளவுக்கோல் வசதி கிடையாது, புரொஃபஷனலில்தான் உண்டு. கவலை வேண்டாம், முப்பரிமாண உருவங்களை அளக்கும் இலவச மென்பொருளான கிளவுட்கம்பேரில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 500 மி.மீ. கோல் மாடலில் 2.174 அலகு காட்டுகிறது என்றால் 500 ÷ 2.174 = 230; எல்லாவற்றையும் 230 ஆல் பெருக்குங்கள். பிறகு இரண்டாவது கோலை அளந்து பாருங்கள். அதில் வரும் வித்தியாசம்தான் ஆய்வேட்டில் எழுத வேண்டிய பிழை. முதல் கோலில் பிழை வராது, அதைக் காட்டுவதில் பொருளில்லை.

கோலைத் தாளில் அச்சிட்டால் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவை எடுத்துவிடுங்கள். அச்சானபின் எஃகு அளவுகோலால் அளந்து, கிடைத்த அளவையே பயன்படுத்துங்கள். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம்.

கேள்வி: மாடல் அழகாக வந்தது, எழுத்து மட்டும் தெரியவில்லை!
– கல்வெட்டு ஆர்வலர், மதுரை

பதில்: மென்பொருளில் மாடலின் வண்ணப் பூச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாசியும் குங்குமமும்தான் கண்ணை ஏமாற்றுகின்றன. வெறும் சாம்பல் மெஷ்மீது பக்கவாட்டு ஒளியைச் சுழற்றினாலே பாதி எழுத்து எழுந்து வரும். மீதிக்கு, மெஷ்ஷின் புள்ளிகளைக் கிளவுட்கம்பேரில் திறந்து ‘ரஃப்னெஸ்’ கணக்கிடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள சமதளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது சொல்லும். அந்தச் சுற்றுப்பகுதியின் ஆரம்தான் உயிர்: வெட்டின் அகலம் 6 மி.மீ. என்றால் ஆரம் 20 மி.மீ. வையுங்கள். சிறிதாக வைத்தால் கல்லின் மணல்மணிதான் தெரியும். மிகப் பெரிதானால் கல்லின் இயல்பான மேடுபள்ளம் எழுத்தை விழுங்கிவிடும். ‘மேல் திசை’யைக் கொடுத்தால் குழியும் மேடும் வேறு வேறு நிறமாகப் பிரியும். நிறவரம்பை -2 முதல் +2 மி.மீ.க்குள் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இப்படியும் தெரியாத எழுத்து மைப்படியில் (கல்லின்மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் பிரதி) தெரியக்கூடும். இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

கேள்வி: எதையெல்லாம் சேமித்து வைப்பது?
– நூலகர், கோயம்புத்தூர்

பதில்: மாடலைவிட மூலப் படங்களே முக்கியம், நாளைய மென்பொருள் அவற்றிலிருந்து இன்னும் நல்ல மாடல் தரும். 75 ரா கோப்புகள் 2 ஜி.பி. அளவில் முடிந்துவிடும். அவற்றோடு அளவுக்கோல் விவரம், மென்பொருள் பதிப்பு, செயலாக்க அறிக்கை, பி.எல்.ஒய். கோப்பு வடிவில் மெஷ். ஆய்வுத் தரவுகளுக்கான இணையக் களஞ்சியமான ஸெனோடோவில் ஏற்றினால், மேற்கோள் காட்ட உதவும் நிலையான டி.ஓ.ஐ. எண் கிடைக்கும். ஒதுக்குப்புறக் காட்டில் உள்ள கல்லானால் துல்லியமான ஜி.பி.எஸ். இடக்குறிப்பைப் பொதுவில் போடும் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள். புதையல் தேடுவோரும் இணையம் பார்க்கிறார்கள்.