பச்சைக் குழந்தைக்கு மலேரியா: ஸ்லைடு பார்த்தவரிடம் கேளுங்கள்

புதுச்சேரியில் முப்பது வருடம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ரத்த ஸ்லைடு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. மருந்தளவு கேட்காதீர்கள்.

கடலூர் முதுநகர்: மகளுக்கு மங்களூரில் வேலை. ஏழாம் மாதம் மலேரியா வந்து மருந்து சாப்பிட்டாள். பிரசவம் இங்கே. குழந்தைக்குப் பதினெட்டு நாள். நேற்றிலிருந்து காய்ச்சல், பால் குடிக்கவில்லை, கண் மஞ்சள். கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா?

மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கஷாயம், உரமருந்து எதுவும் நாக்கில்கூட வைக்கக் கூடாது. ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

தாய் ரத்தத்தில் இருக்கும் மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடி வழியாகவோ பிரசவ நேரத்திலோ குழந்தைக்குப் போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்ச நாள் தாங்கும். அதனால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்தே காய்ச்சல், சோகை, மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம் எல்லாம் தெரியும். ரத்தத்தில் கிருமித் தொற்று போலவே இருக்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் யாருக்கும் சட்டென்று மலேரியா நினைவு வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்: எந்த மாதம் காய்ச்சல், எந்த ஊர், என்ன மருந்து. தாய், குழந்தை இரண்டு பேருக்கும் ஸ்மியர் (ரத்தத்துளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) கேளுங்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

‘மருந்துதான் சாப்பிட்டாளே’ என்பீர்கள். மலேரியாக் கிருமியில் வைவாக்ஸ் என்று ஒரு வகை உண்டு, அது ஈரலில் பதுங்கி மறுபடி வரும். அதை அழிக்கும் பிரைமாகுவினைக் கர்ப்பிணிக்குத் தர மாட்டார்கள்.

வில்லியனூர்: தாய்ப்பாலில் பரவுமா?

பரவாது. கொடுங்கள்.

நெல்லிக்குப்பம்: என் பேரனுக்கு இப்படித்தான் வந்தது. பிரைமாகுவின் தரவே இல்லை. டாக்டர் மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை. கொசு கடித்தால் அதன் எச்சிலோடு வரும் கிருமி முதலில் ஈரலுக்குப் போகும். தாயிடமிருந்து வருவது ரத்தத்தில் வளரும் வடிவம். அது ஈரலுக்குப் போகாது. பதுங்காத கிருமிக்கு எதற்கு மருந்து? ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பிரைமாகுவினைத் தரவும் கூடாது.

முத்தியால்பேட்டை: எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் தெருச் சாக்கடை. அதை முதலில் எழுதுங்கள் ஐயா.

சாக்கடையில் பெருகுவது யானைக்கால் கொசு. 1981-ல் அதை ஒடுக்க இங்கே தனித் திட்டமே போட்டார்கள். நகரத்து மலேரியாக் கொசுவுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்: மொட்டைமாடித் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டுமிடத்துத் தண்ணீர்.

முத்தியால்பேட்டை: கொசுவுக்கு நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் தெரியுமா?

உங்களைவிட நன்றாகத் தெரியும். புழுவைப் பாருங்கள். சாக்கடைப் புழு வால்பக்கக் குழாயால் மூச்சு விட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை. நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். உங்கள் தொட்டிக்கு மூடி இருக்கிறதா?

பாகூர்: தாய்ப்பால் கொடுக்கலாமா ஐயா?

மேலே பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: நிலவேம்பு குழந்தைக்கு எத்தனை சொட்டு?

ஒரு சொட்டும் இல்லை. இதோடு மூன்று பேர் கேட்டாயிற்று, இரண்டை நான் போடவில்லை.

முத்தியால்பேட்டை: மாடி ஏறிப் பார்த்தேன். மூடி உடைந்திருக்கிறது. புழு இருக்கிறது. படுத்திருக்கிறதா தொங்குகிறதா என்று பார்ப்பதற்குள் டார்ச் உள்ளே விழுந்துவிட்டது.

டார்ச்சை எடுங்கள். தண்ணீரை வடித்து, தேய்த்துக் கழுவி, காயவிட்டு மூடி போடுங்கள். சாக்கடையை அப்புறம் பேசலாம்.