பிளட் பேங்க் அக்காவிடம் கேளுங்கள்

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குரூப் பார்ப்பது, கிராஸ் மேட்ச் போடுவது (கொடுப்பவர் ரத்தமும் நோயாளி ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது), கேம்ப்புக்கு வேனில் போய் ரத்தம் எடுத்து வருவது எல்லாம் என் வேலையாக இருந்தது. டாக்டர் இல்லை, அதனால் மாத்திரையை மாற்றலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். மற்றபடி ரத்ததானம் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வராதீர்கள்.

நெல்லைச்சீமை: அக்கா, வயது 19, எடை 47 கிலோ. காலேஜில் அடுத்த வாரம் கேம்ப். முதல் தடவை. உள்ளே என்னதான் நடக்கும்?

18 வயதும் 45 கிலோவும் இருந்தால் போதும் தம்பி, தேறிவிட்டீர்கள். உங்களிடம் 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவைத் தாண்டியவர்களிடம்தான் 450.

முதலில் ஒரு படிவம். மஞ்சள் காமாலை, மலேரியா, சாப்பிடும் மாத்திரை, பச்சை குத்தியது, பாதுகாப்பில்லாத உறவு எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் நண்பன் எட்டிப் பார்க்கிறான் என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். கவுன்சலரிடம் தனியாகச் சொல்லலாம். அதற்கும் கூச்சமாக இருந்தால் ‘இன்றைக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பிரஷர், விரல் நுனியில் ஒரு குத்து. இப்போது பல இடங்களில் சின்ன மெஷின் வந்துவிட்டது. நாங்கள் காப்பர் சல்பேட் வைத்திருந்தோம், மயில்துத்தக் கரைசல், நல்ல நீலம். அதில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் குன்றிமணி மாதிரி உருண்டு நிற்கும். 15 விநாடிக்குள் அடிக்குப் போய்விட்டால் ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் தயங்கி நின்றாலோ மேலே ஏறினாலோ அன்றைக்கு உங்களுக்கு இல்லை.

ஊசி கொஞ்சம் தடிமன்தான், பொய் சொல்ல மாட்டேன். குத்தும்போது சுருக்கென்று இருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. ஐந்திலிருந்து பத்து நிமிடம். பக்கத்தில் ஆடும் தட்டில் பை இருக்கும். உள்ளே இருக்கும் உறையாமைத் திரவம் ரத்தத்தோடு கலக்கத்தான் அந்த ஆட்டம்.

மயக்கம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் எழுந்த பிறகுதான் வரும். ஜூஸ் வாங்கப் போகும்போது, மாடிப்படி இறங்கும்போது, பைக்கை உதைக்கும்போது. அதனால் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். தலை சுற்றினால் கவுரவம் பார்க்காமல் அங்கேயே தரையில் படுத்துவிடுங்கள். அப்படி விழுந்த பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து விசாரித்தால், காலையில் ஒரு டீயோடு வந்திருப்பார்கள்.

பொறியாளன்72: ரத்தம் கொடுத்தால் உடம்பு பலவீனம் ஆகிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள் மேடம்.

பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி. அதில் நீர்ப்பகுதியை ஓரிரு நாளில் உடம்பே நிரப்பிக்கொள்ளும். சிவப்பணுக்கள் ஊற சில வாரம் ஆகும். போன இரும்புச்சத்து திரும்பச் சேர இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். இடைவெளி வைத்திருப்பதே அதற்காகத்தான்: ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். அன்றைக்கு மட்டும் தண்ணீர் நிறையக் குடித்து, கடின வேலையைத் தவிர்த்தால் போதும்.

கடல்புறா: டாட்டூ போட்டு நாலு மாதம் ஆகிறது.

போட்ட நாளிலிருந்து ஒரு வருடம் கழித்து வாருங்கள். காது மூக்கு குத்தியவர்களுக்கும் இதேதான்.

ஓய்வூதியர்: எனக்கு 58. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கொடுக்கலாமா அம்மா?

சர்க்கரை மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் கூடாது. பிரஷர் அன்றைக்கு அளவுக்குள் இருந்தால் மாத்திரை தடையில்லை. ஆனால் முதல் தடவை கொடுப்பதாக இருந்தால் 60க்குள் தொடங்கிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துப் பழகியவர்களுக்குத்தான் 65 வரை. கேம்ப்புக்காக அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மல்லிகைப்பந்தல்: மூன்று தடவை போயும் ஹெச்பி (ஹீமோகுளோபின்) 11.4, 11.8 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது. பீட்ரூட் ஜூஸ் குடித்தால் ஏறுமா?

அவமானம் எதற்கு? காசு செலவில்லாமல் உங்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்திருக்கிறது. நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேர் இதே அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், கேட்டால் ‘அசதி’ என்பார்கள். பீட்ரூட்டை நம்பி உட்காராதீர்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, பூச்சித் தொல்லை இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்து, அவர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை எடுங்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் நல்லதுதான். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. அடுத்த தடவை எடுக்கவில்லை என்றாலும் நீங்கள் தேறினால் எனக்குச் சந்தோஷம்.

ஏழரை நாட்டான்: ஏ1 பாசிட்டிவ் வேண்டும் என்று மெசேஜ் வருகிறது. என் கார்டில் வெறும் ஏ பாசிட்டிவ். நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஏ1 என்பது ஏ குரூப்பின் உட்பிரிவு. நம் பக்கத்தில் ரிப்போர்ட்டில் அதையும் சேர்த்து எழுதும் வழக்கம், அவ்வளவுதான். உட்பிரிவு குறுக்கே வருவது அபூர்வம், அதையும் கிராஸ் மேட்ச்சில் பிடித்துவிடுவோம். ஆனால் அந்த மெசேஜில் தேதி இருந்ததா? மருத்துவமனை பெயர் இருந்ததா? தேதி இல்லாத மெசேஜை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். நோயாளி வீட்டுக்குப் போய் வருடம் ஆன பிறகும் அந்தக் குடும்பத்துக்கு போன் போய்க்கொண்டிருக்கும்.

கொங்குவேலன்: எனக்கு நேரடியான கேள்வி. அம்மா ஆபரேஷனுக்கு நானே ரத்தம் கொடுக்கிறேன், என் ரத்தத்தையே ஏற்றுங்கள் என்றேன். குரூப் ஒன்றுதான். என்னுடையதை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு யாருடையதையோ ஏற்றினார்கள். இது என்ன நியாயம்?

நியாயம் மட்டுமில்லை, உங்கள் அம்மாவுக்கு அதுதான் பத்திரம். நீங்கள் கொடுத்த பையை அப்படியே கொண்டுபோய் ஏற்ற முடியாது. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்தும் பார்க்க வேண்டும், பிறகு சிவப்பணு, பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் என்று பிரிக்க வேண்டும். அதற்குள் தியேட்டரில் ஆபரேஷன் பாதி முடிந்திருக்கும். ஏற்கெனவே சோதித்து ஃப்ரிட்ஜில் இருக்கும் ரத்தம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. பெற்ற பிள்ளை, கூடப்பிறந்தவர் போன்ற நெருங்கிய ரத்த உறவின் வெள்ளணுக்களைச் சில சமயம் நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடும். அவை உள்ளே தங்கிப் பெருகி, நோயாளியின் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். வருவது அரிது, வந்தால் பிழைப்பதும் அரிது. அதனால்தான் உறவினர் ரத்தத்தை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் அந்த வெள்ளணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சில் காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். இனி குழந்தை பெற வேண்டிய மனைவிக்குக் கணவன் ரத்தம் கொடுப்பதும் நல்லதில்லை. அவர் அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் அடுத்த பிரசவத்தில் குழந்தையைப் பாதிக்கலாம்.

கொங்குவேலன்: அரிது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஊர் பேர் தெரியாதவன் ரத்தத்தைவிட என் குடும்பத்தின் ரத்தம் மேல் இல்லையா? அவனுக்கு என்ன நோயோ யாருக்குத் தெரியும்?

உங்கள் மச்சானுக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியுமா?

கோபப்படாதீர்கள், விஷயமே இதுதான். தொற்றிய புதிதில் சில நாள் எந்தச் சோதனையிலும் கிருமி தெரியாது. அந்த நாட்களில் நமக்கு இருக்கிற ஒரே காவல், கொடுப்பவர் உண்மையைச் சொல்வதுதான். தானாக வந்து கொடுக்கிறவருக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை, திரும்பத் திரும்ப வருகிறவரை ஒவ்வொரு தடவையும் சோதித்தும் இருக்கிறோம். ஆனால் வெளியே மாமனார் நிற்கிறார், மச்சினி அழுகிறாள், ‘நீதான் கொடுக்கணும்’ என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றால், படிவத்தில் அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தால் ஹெச்ஐவி தொற்றியது நினைவிருக்கும். அந்த ரத்தம் ஓர் இளைஞர் தன் உறவுக்காரப் பெண்ணுக்கு என்று கொடுத்தது. தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்ததும் அவராகவே வந்து சொன்னார். ரத்தத்தைச் சோதித்ததில் நடந்த தவறுக்கு ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள், அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் ‘சொந்தக்காரர் ரத்தம் சுத்தம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

முகாம்வாசி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அக்கா. நானும் கேம்ப் நடத்துகிறவன். நீங்கள் சொல்வது தத்துவம். ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக, நோயாளியோடு வந்தவர்களிடம் ரத்தம் கொடுக்க ஆள் கேட்பதை நிறுத்தினால் நாளைக்கே ஃப்ரிட்ஜ் காலியாகிவிடும்.

வாருங்கள், சரியான ஆள். காலியாகும் என்பது உண்மை, நாங்களும் ஆள் கேட்டுத்தான் ஓட்டினோம். ஆனால் யாரிடம் கேட்டோம்? சொந்தபந்தம் வேனில் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு அது சிரமமே இல்லை. மலையிலிருந்து மனைவியைப் பிரசவத்துக்குத் தனியாகக் கூட்டி வந்தவர் யாரைக் கொண்டு வருவார்? அவர் கேட்டுக்கு வெளியே போவார், டீக்கடை ஓரம் ஒருத்தன் நிற்பான், ‘ஆள் ரெடி பண்ணவா’ என்பான். காசுக்கு ரத்தம் விற்பதை 1998 ஜனவரி 1 முதல் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லியாயிற்று. ஆள் கேட்கும் வரை அந்த டீக்கடை ஓரம் காலியாகாது.

நீங்கள் கேம்ப் நடத்துகிறவர், உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் மண்டபம் நிறைய ஆள் திரட்டுகிறீர்கள். சிவப்பணு ஃப்ரிட்ஜில் அதிகபட்சம் 42 நாள். பிளேட்லெட் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் 5 நாள்தான். அத்தனையும் ஒரே வாரத்தில் வந்தால் நாங்கள் என்ன செய்வது? கண்ணெதிரே தேதி முடிந்து போன பிளேட்லெட் பைகளை அழிக்க எடுத்து வைத்திருக்கிறேன், தட்டுத்தட்டாக. அதே வருடம் மே மாதம் காலேஜ் லீவு, வெயில், கேம்ப்பே கிடையாது. ஓ பாசிட்டிவுக்கு மூன்று வார்டு போன் அடிக்கும். பிறந்தநாளை மாற்ற முடியாது, சரி. வந்த ஆட்களைப் பிரித்து, கால்வாசிப் பேருக்கு மே மாதம் தேதி கொடுங்களேன்.

முகாம்வாசி: மே மாதம் வர மாட்டார்கள் அக்கா. அன்றைக்கு பிரியாணி, போட்டோ இருப்பதால்தான் வருகிறார்கள்.

மே மாதமும் பிரியாணி போடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சாப்பாடு போடுங்கள் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொங்குவேலன்: இலவசமாகக் கொடுத்த ரத்தத்துக்கு பிரைவேட்டில் பணம் வாங்குகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பை, ஐந்து சோதனை, பிரிக்கும் மெஷின், கரண்ட், சம்பளம் இதற்கெல்லாம் ஆகும் செலவு அது. தனியார் ரத்த வங்கிகளுக்கு ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு 1,550 ரூபாய் என்று 2022ல் வரம்பு வைத்தார்கள்; கூடுதல் சோதனைக்குத் தனி. பில்லில் பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு இதோடு நான்காவது பதில் கிடையாது, வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.

ஜிம்பாய்: ரத்தம் கொடுத்தால் பலவீனம் ஆகுமா?

மேலே இருக்கிறது.

தேன்மொழி_ஓ: என்னுடையது ஓ பாசிட்டிவ். தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். நெகட்டிவ் குரூப்காரர்கள் கொடுத்தால்தானே உபயோகம்?

தெருவுக்குப் பத்துப் பேர் என்றால் வார்டுக்கும் பத்துப் பேர் ஓ பாசிட்டிவ் நோயாளிகள் இருப்பார்கள் அம்மா. எங்களிடம் முதலில் தீர்ந்து போவது உங்கள் குரூப்தான். நெகட்டிவ்காரர்கள் சும்மா ஒரு தேதியில் கொடுப்பதைவிட, பெயர் எழுதி வைத்துவிட்டுக் கூப்பிடும்போது வந்தால் இன்னும் நல்லது.

புதிர்மன்னன்: பம்பாய் குரூப் என்றால் என்ன?

1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டுபிடித்தது, அதனால் அந்தப் பெயர். ஓ குரூப்பிலும் இருக்கும் ஹெச் என்ற அடிப்படைப் பொருளே இவர்களிடம் இருக்காது. சாதாரணமாகப் பார்த்தால் ஓ என்று காட்டும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க முடியும். நம் நாட்டில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர். கார்டை மட்டும் நம்பி ரத்தம் ஏற்றாமல் கிராஸ் மேட்ச் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொசுவர்த்தி: டெங்குவில் பிளேட்லெட் 60,000. பப்பாளி இலைச்சாறு போதுமா, ஆள் தேடட்டுமா?

டாக்டரைக் கேளுங்கள், என்னை இல்லை. ரத்தக் கசிவு எதுவும் இல்லாமல், பத்தாயிரத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். அதற்குள் ஊரெல்லாம் மெசேஜ் போடாதீர்கள். உங்களுக்கு டெங்கு குணமானால் ஆறு மாதம் கழித்து நீங்கள் வந்து கொடுக்கலாம், சாப்பிட்டுவிட்டு.

ஒரு தாய்: என் மகளுக்கு தலசீமியா, ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஒவ்வொரு தடவையும் ஆள் கேட்கிறார்கள் அக்கா. தெரிந்தவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள்.

உங்களிடம் ஆள் கேட்கக்கூடாது அம்மா. தலசீமியா, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா பிள்ளைகளிடம் மாற்று ஆள் கேட்காமல் கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். கவுண்டரில் வாதாடாமல், ரத்த வங்கி மருத்துவ அலுவலரைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். மகளுக்கு ஏ, பி, ஓ குரூப் மட்டுமில்லாமல் மற்ற குரூப் வகைகளும், முக்கியமாக ஆர்ஹெச், கெல் என்பவை, பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள், அதற்குப் பொருந்துவதாகக் கொடுத்தால் பின்னால் எதிர்ப்புப் பொருள் உண்டாவது குறையும். வெள்ளணு வடிகட்டிய பை கிடைக்குமா என்றும் கேளுங்கள். முகாம்வாசி, இன்னும் இருக்கிறீர்களா? இந்தப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற மாதிரி ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். ஒரு வருடத்துக்குப் பதினேழு பதினெட்டு யூனிட், ஐந்தாறு பேர் மாறி மாறி வந்தாலே போதும். போட்டோ வேண்டாம்.

முகாம்வாசி: பேசுகிறேன் அக்கா. எந்த ஊர் என்று மட்டும் அவரைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

சிவகாசிச்சிங்கம்: போன வாரம் கேம்ப்பில் கொடுத்தேன். முழங்கைப் பக்கம் நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கும், பச்சையாகி மஞ்சளாகித் தானே போய்விடும். கை மரத்துப் போனாலோ வீக்கம் கூடினாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டை உடனே அவிழ்க்காதே, அன்றைக்கு அந்தக் கையால் கனம் தூக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். வீட்டுக்குப் போய் கேஸ் சிலிண்டர் தூக்கினீர்களா?