மாமியார் பழி போடும் பெங்களூர்த் தண்ணீர்

கேள்வி: எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமான பிறகு பெங்களூரில், அல்சூரில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் அலுவலக நண்பர்கள், அடுக்ககத்துக்காரர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். கடையில் வாங்கிய பாட்டில் பானத்தையும் மிக்சரையும் அவர்கள் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் திராட்சை ஸ்குவாஷ் செய்தேன். ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது. பயந்துபோய் அத்தனையும் கொட்டிவிட்டேன். ஜாம், புத்தகத்தில் சொன்னபடி தெர்மாமீட்டர் வைத்து 105 டிகிரி வரை காய்ச்சியும் கல்லாகிவிட்டது. வடுமாங்காய் பூசணம் பூத்துவிட்டது. "பெங்களூர்த் தண்ணீருக்கு எதுவும் நிற்காது" என்கிறார் மாமியார். இந்த ஊரில் எந்தப் பருவத்தில் எதைச் செய்து வைத்தால் விருந்தாளிகளுக்கு வைக்கத் தோதாக இருக்கும்?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாருக்குரிய மரியாதையை மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரை வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோம். உங்கள் மூன்று புகார்களில் ஒன்றுக்கும் அது காரணமில்லை. ஜாம் கல்லானதற்குக் காரணம் இந்த ஊரின் உயரம். ஸ்குவாஷ் கெடவே இல்லை. நல்ல ஸ்குவாஷைத்தான் கொட்டியிருக்கிறீர்கள். வடு விஷயத்தில் மட்டும் கைக்குற்றம் கொஞ்சம் இருக்கலாம். அதிலும் பாதிப் பழியை வானத்தின் மேல் போடலாம்.

ஜாமை முதலில் பார்ப்போம். கடலோர ஊர்களில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 920 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் குறைவு; அதனால் 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். ஜாம் உறைவதற்கு அதில் சர்க்கரை ஏறக்குறைய 65 சதவீதம் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பதத்தில் கொதிக்கும் பாகு, வெறும் தண்ணீரின் கொதிநிலையைவிட ஐந்து டிகிரி கூடுதலாகக் காட்டும். புத்தகத்தில் இருக்கும் 105 என்பது சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பொருந்துகிற கணக்கு. உங்கள் அடுப்படியில் 102 டிகிரிக்கே ஜாம் தயாராகிவிட்டது. அதற்கு மேலும் மூன்று டிகிரி ஏற்றியதில் நீரெல்லாம் வற்றிக் கமர்கட்டாகிவிட்டது. அடுத்த முறை ஜாம் கிண்டுவதற்கு முன்னால் அதே தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணோடு ஐந்தைக் கூட்டிக்கொண்டால் போதும். தெர்மாமீட்டரே கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

ஆனால் நான் தெர்மாமீட்டரை முழுதாக நம்புகிறவள் இல்லை. ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு டிகிரி தாண்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு ஜாமைத் தட்டில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே ஏடு சுருங்கினால் இறக்கிவிடலாம். விரல் போன தடத்தில் பாகு ஓடி வந்து மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். அடுப்பை அணைக்காமல் சோதனை செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. இங்கே நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே பாத்திரத்தில் பதம் தாண்டிப் போய்விடும்.

இனி திராட்சை. இந்த ஊர்க்காரர்கள் கொண்டாட வேண்டிய பழம் இது. தை, மாசியில் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும் கறுநீலக் கொட்டைத் திராட்சையின் பெயரே பெங்களூர் புளூ. தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறது. பார்வைக்கு நம் கம்பம் பன்னீர்த் திராட்சையின் பங்காளி போல இருக்கும். ஆனால் ரகம் வேறு, வாசனையும் வேறு. ஹாப்காம்ஸ் கடைகளில் பிப்ரவரி வாக்கில் திராட்சையும் தர்ப்பூசணியும் மேளா போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டுறவுச் சங்கம் 1959-இல் தொடங்கியதே திராட்சை விவசாயிகளுக்காகத்தான். மற்ற காய்கறி, பழமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

விதையில்லாத பச்சைத் திராட்சையை வாங்கி ஜாம் செய்து என்னைத் திட்டாதீர்கள். பெங்களூர் புளூவுக்குத் தோல் தடிமன், புளிப்பு உண்டு, உறைய வைக்கும் பெக்டினும் உண்டு. ஒரு பழத்தை இரு விரலால் அழுத்தினால் தோல் தனியாக நின்றுகொள்ளும். உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும். ஜாமுக்கு இதே வேலைதான். சதையை ஒரு பாத்திரத்திலும் தோலை இன்னொன்றிலும் போடுங்கள். சதையைப் பத்து நிமிடம் வேகவிட்டு வடிகட்டினால் கொட்டை போய்விடும். தோலைக் கொஞ்சம் தண்ணீரில் மெத்தென்று வேகவைத்து அதோடு சேருங்கள். ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. வாய் அகன்ற, அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். தோல் வேகும் முன் சர்க்கரையைப் போட்டால் அது பிறகு வேகவே வேகாது, ரப்பர் கடிப்பீர்கள்.

ஸ்குவாஷுக்குப் பழத்தைக் கையால் பிசைந்து, சின்னத் தீயில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். விரல் பொறுக்காத சூடு போதும், கொதிக்கக் கூடாது. கொதித்தால் வாசனை போய்விடும், சூடே இல்லாவிட்டால் தோலின் நிறம் இறங்காது. மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழிந்தால் சாறு கலங்கும், பொறுமையாகச் சொட்டட்டும். இப்போது நீங்கள் போன வருடம் விட்டுவிட்ட ஒரு படி: இந்தச் சாற்றைச் சர்க்கரை சேர்க்காமல் இரண்டு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். உங்களைப் பயமுறுத்திய அந்தக் கண்ணாடித் தூள் இங்கேயே படிந்துவிடும். அது திராட்சையில் இயல்பாக இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. வெதுவெதுப்பில் கரைந்திருந்து, குளிர்ந்ததும் பொடிப்பொடியாகப் பிரிந்து நிற்கும். பேக்கரிக்காரர்கள் கிரீம் ஆஃப் டார்டார் என்று பொட்டலத்தில் வாங்குவது இதையேதான். வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. பல்லில் நறநறவென்று படுவது மட்டும்தான் தொல்லை. மேலாக இருக்கும் தெளிவை மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒன்றரை கிலோ சர்க்கரை, முக்கால் லிட்டர் தண்ணீர். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்துக் கரைந்து ஆறியபின் சாற்றைக் கலந்து, கொதிநீரில் சுத்தம் செய்து காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாத விருந்துக்குக் கவலையில்லை. எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடுகிற பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பொடியை இதற்குப் போடாதீர்கள். அதிலிருந்து வரும் கந்தக வாயு திராட்சையின் சிவப்பை வெளுக்கடித்துவிடும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் நிறமுள்ள பழத்துக்கு சோடியம் பென்சோயேட் சேர்ப்பது அதனால்தான். வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தால் நொதித்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டுங்கள், தாராளமாக. ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் என்றால், ஒரு லிட்டரில் இருபது டம்ளர் வரும். உங்கள் பன்னிரண்டு பேருக்கும் அதுவே தாராளம். துளி கறுப்பு உப்பு சேர்த்தால் இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

வடுமாங்காய்க்கு வருவோம். நம் ஊரில் மாசி கடைசியில் போட்டு, பங்குனி வெயிலில் ஜாடியைத் திறந்து மூடி வளர்த்த ஊறுகாய் அது. பெங்களூரிலோ வடு வந்து இறங்கும் நேரத்திலேயே சாயங்கால மழை தொடங்கிவிடுகிறது. மாம்பழ மழை என்று இங்கே ஆசையாகப் பேர் வைத்திருக்கிறார்கள். ஊறுகாய்க்காரிக்கு அதில் ஆசைப்பட ஒன்றுமில்லை. பால்கனியில் காய வைத்த வடு மேலுக்கு உலர்ந்த மாதிரி தெரியும், காம்படியில் ஈரம் நிற்கும். பூசணம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கழுவித் துடைத்தபின் பருத்தித் துணியில் பரப்பி, ராத்திரி முழுக்க மின்விசிறிக்குக் கீழே விட்டுவிடுங்கள். வெயிலை நம்ப வேண்டாம். பிறகு விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி தடவிப் புரட்டி, கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு. இரத்தக் கொதிப்புக்குப் பயந்து உப்பைக் குறைத்தீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. குறைத்திருந்தால் பாதிக் காரணம் அதுதான். பயப்படுகிறவர்கள் ஒரு வடுவோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஜாடியில் உப்பு குறையக் கூடாது. தினம் ஒரு முறை ஜாடியைக் குலுக்குங்கள். நாலைந்து நாளில் தண்ணீர் விட்டு வடு சுருங்கும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாயும் கடுகும் அரைத்துச் சேர்த்து, வடு எப்போதும் அதில் முங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கம் போனால் மலைநாட்டிலிருந்து வரும் அப்பேமிடி வடு கிடைக்கும். எண்ணித்தான் விற்பார்கள், விலையும் கூட. காம்பை ஒடித்தால் வரும் பாலின் வாசனைக்குத்தான் அந்த விலை. ஆகவே காம்பு ஒடியாததாகப் பொறுக்குங்கள்.

விருந்தாளி வரும் வீட்டில் ஊறுகாய் கெடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேசையில் கிண்ணத்தில் மிஞ்சியதை, வீணாகிறதே என்று ஜாடியில் திரும்பக் கொட்டுவார்கள். பத்துப் பேரின் கரண்டி பட்டது அது. தனியே வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

திராட்சைக்கும் வடுவுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. இந்த மாதமே விருந்து என்றால் கையில் இருப்பது மொச்சை. மார்கழிப் பனியில் விளைந்த அவரேகாயி இந்த ஊருக்கே ஒரு திருவிழா. மாகடிப் பக்கத்துக் காய்க்கு மதிப்பு அதிகம். விவி புரத்தில் அதற்கென்றே மேளா நடந்து பேர் வாங்கியது. தோலில் பிசுபிசுவென்று ஒட்டி, கையை விட்டுப் போகாத வாசனை இருந்தால் நல்ல காய். உரித்த மொச்சையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு நெரி. பருப்பு வழுக்கிக்கொண்டு வந்து விழும். கிருஷ்ணகிரி, வேலூர்க்காரர்கள் இதைப் பிதுக்குப் பருப்பு என்பார்கள். தஞ்சாவூர்க்காரருக்குப் புதிதாக இருக்கலாம். இரண்டு கிலோ காயைப் பிதுக்கினால் பாத்திரத்தில் சேருவது கொஞ்சம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாமியாரையும் துணைக்கு உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருப்பைத் துணியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மிதமான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொரியுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். சலசலப்பு அடங்கியதும் எடுத்து, பொரித்த கறிவேப்பிலை, கொப்பரைச் சீவல், நசுக்கிப் பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் புரட்டினால் உங்கள் கடை மிக்சருக்கு மாற்று. ஆறியபின் டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு போகாது. அன்றைய தினத்துக்குச் சூடாக ஒன்று வேண்டும் என்றால் மொச்சை போட்ட ரவை உப்புமா. இங்கே சப்பசிகே என்று கேட்டால் கொடுக்கும் சதகுப்பைக் கீரையை ஒரு பிடி நறுக்கிப் போடுங்கள். சூடானது இந்த ஒன்று மட்டும் போதும். மற்றதெல்லாம் முன்பே செய்து வைத்திருந்தால் நீங்களும் கூடத்தில் உட்கார்ந்து பேசலாம். பன்னிரண்டு பேருக்குப் பஜ்ஜி போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நிற்பதற்கு எதற்கு விருந்து?

பங்குனி, சித்திரைக்குப் பாட்டில் எதுவும் வேண்டாம். ஸ்ரீராமநவமிக்குக் கிர்ணிப்பழத்தை மசித்து வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பானகம் செய்வது இந்த ஊர் வழக்கம். நம் சுக்குப் பானகத்தைவிட வெயிலுக்கு இதமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அன்றன்றே செய்து அன்றன்றே தீர்க்க வேண்டியது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு மண்பானையில் நீர்மோர் தனியே இருக்கட்டும். கேட்க வைக்காமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கல்லான ஜாமையும் கொட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. இன்னும் இருந்து, பூசணமோ புளித்த வாடையோ இல்லாமல் இருந்தால், பாட்டிலோடு வெந்நீரில் நிறுத்தி இளக்குங்கள். வழித்தெடுத்து, அரை டம்ளர் வெந்நீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சின்னத் தீயில் கரைத்தால் நல்ல பாகாகிவிடும். தயிரில் ஒரு கரண்டி விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்; தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். இளக்கியதைத் திரும்பப் பாட்டிலில் அடைத்து வைக்காமல் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.