ஐரிஷ் கால்பந்து ரசிகர்கள் வெளிநாட்டுக்குப் போனால் அடிதடியே நடப்பதில்லை என்கிறார்களே, உண்மையா? எப்படி?

பெரும்பாலும் உண்மைதான். ஆனால் "ஐரிஷ்காரர்கள் பிறவியிலேயே சாது" என்ற விளக்கத்தை நம்பாதீர்கள். அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு, அதைக் கட்டிக் காப்பதற்கு ஒரு முறையும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரக்பியில் தீவு முழுவதற்கும் ஒரே அணி. கால்பந்தில் இரண்டு: டப்ளின் பக்கம் அயர்லாந்துக் குடியரசு, பெல்ஃபாஸ்ட் பக்கம் வட அயர்லாந்து. இரண்டுக்கும் பச்சைச் சட்டைதான். இங்கே நான் பேசுவது குடியரசின் ரசிகர்களைப் பற்றி.

தொடக்கம் 1988, மேற்கு ஜெர்மனியில் நடந்த யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை. குடியரசு அணி ஆடிய முதல் பெரிய தொடர் அதுதான். மூன்று வருடம் முன்பு, 1985இல், பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் இங்கிலாந்து ரசிகர்கள் செய்த கலவரத்தில் 39 பேர் இறந்து, அதனால் இங்கிலாந்து கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த காலம். ஆங்கிலம் பேசும் கூட்டம் ரயிலிலிருந்து இறங்கினாலே போலீஸ் தடியைத் தயாராக வைத்திருக்கும். அதே தொடரில் இங்கிலாந்து ரசிகர்கள் ஜெர்மன் ஊர்களில் கலாட்டா செய்தார்கள். ஐரிஷ்காரர்களுக்கு உடனே ஒன்று புரிந்தது: "நாங்கள் அவர்கள் இல்லை" என்று காட்டினால் பப் கதவு திறக்கும், போலீஸும் சிரிக்கும். ஷ்டுட்கார்ட்டில் ரே ஹௌட்டன் கோலில் இங்கிலாந்தை 1-0 என வென்றதும் சேர்ந்துகொள்ள, அந்த வேடம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் ஒரு இங்கிலாந்துக்காரர், 1966 உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர்.

வேடம் என்றதும் போலி என்று நினைக்க வேண்டாம். வெளியூர் ஆட்டங்களில் சண்டை எப்படித் தொடங்கும் என்று பாருங்கள். சதுக்கத்தில் கூட்டம் சேரும், எவனோ ஒருவன் பாட்டில் எறிவான், கலகத் தடுப்புப் போலீஸ் மொத்தக் கூட்டத்தின் மீதும் பாயும், சும்மா நின்றவனுக்கும் அடி விழும், அவனும் திருப்பி அடிப்பான். இந்தச் சங்கிலி ஐரிஷ் கூட்டத்தில் முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. பாட்டில் எடுத்தவனைப் பக்கத்தில் இருப்பவனே உட்கார வைப்பான், ஏனென்றால் கெடப்போவது எல்லோருடைய பெயரும். போலீஸும் வந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதால் தலைக்கவசம் இல்லாமல் நிற்கும். 1998 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து ரசிகர்களிடமும் இதே கணக்குதான் வேலை செய்தது.

இன்னும் இரண்டு காரணங்கள். உள்நாட்டு லீக் சிறியது. நிறைய பேர் மனதில் வைத்திருப்பது இங்கிலாந்தின் லிவர்பூலையோ மான்செஸ்டர் யுனைடெட்டையோ, ஸ்காட்லாந்தின் செல்டிக்கையோ. அதனால் கிளப் பகையைத் தேசிய அணியின் ஆட்டத்துக்குச் சுமந்து வருவது குறைவு. மற்றொன்று கேலிக் விளையாட்டுகள், அதாவது அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகள். அவை நடக்கும், எண்பதாயிரத்துக்கும் மேல் கொள்ளும் டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் இரு தரப்பு ரசிகர்களும் வேலி இல்லாமல் கலந்தே உட்காருவார்கள். எதிரணிச் சட்டைக்காரன் பக்கத்து நாற்காலியில் இருப்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

2016 பிரான்ஸ் யூரோவில் கைப்பேசிகளும் சேர்ந்துகொண்டன. போர்தோ ரயிலில் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடியது, வயதான தம்பதிக்கு டயர் மாற்றிக் கொடுத்தது, தெரியாமல் நசுங்கிய கார் கூரையின் இடுக்கில் யூரோ நோட்டுகளைச் செருகியது, தெருக்குப்பையைப் பொறுக்கியது எல்லாமே வீடியோவாகச் சுற்றின. அதே ஜூனில் மார்செய்யில் இங்கிலாந்து, ரஷ்ய ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததால் ஒப்பீடு தானாகவே அமைந்தது. பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ இரண்டு அயர்லாந்து அணிகளின் ரசிகர்களுக்கும் சேர்த்து நகரப் பதக்கம் அறிவித்தார். கேமராவுக்காகச் செய்தார்களா என்று கேட்டால், கொஞ்சம் ஆம். கேமரா பார்க்கிறது என்பதற்காகக் குப்பை பொறுக்குவதும் குப்பை பொறுக்குவதுதானே!

இந்தப் பெயரை எல்லா ஐரிஷ்காரர்களும் கொண்டாடுவதில்லை. 2012 யூரோவில் மூன்று ஆட்டமும் தோல்வி: போட்டது 1 கோல், வாங்கியது 9. போலந்தின் கதான்ஸ்க் நகரில் ஸ்பெயினிடம் 0-4 எனத் தோற்றுக்கொண்டிருந்த கடைசி நிமிடங்களில், பஞ்சகாலத்தில் தானியம் திருடி நாடு கடத்தப்பட்டவனைப் பற்றிய 'த ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' பாட்டை அரங்கம் அதிரப் பாடினார்கள். உலகம் உருகியது. முன்னாள் கேப்டன் ராய் கீன் மட்டும் தொலைக்காட்சியில் எரிச்சலைக் கொட்டினார்: பாட்டுப் பாட வந்தால் போதும் என்ற மனநிலை மாற வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதி நியாயம் தெரிகிறது. ரசிகர்கள் வாங்கும் புகழ் அணியின் மோசமான ஆட்டத்துக்குப் போர்வையாகிவிடக் கூடாது.

உள்ளூரில் அவர்களும் கோபக்காரர்கள்தான். 2019 மார்ச்சில் ஜார்ஜியாவுடன் நடந்த டப்ளின் ஆட்டத்தில், கால்பந்து சங்க நிர்வாகத்தை எதிர்த்து டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 செப்டம்பரில் இங்கிலாந்து வந்தபோது அவர்களுடைய தேசிய கீதத்துக்கே கூச்சல் எழுந்தது. முன்பு பச்சைச் சட்டை போட்டுவிட்டு இங்கிலாந்துக்கு மாறிய டெக்லன் ரைஸ், ஜாக் கிரீலிஷ் இருவரையும் விடவில்லை. அவர்கள்தான் ஆளுக்கொரு கோல் போட்டார்கள் என்பது தனிக் கொடுமை.

ஐரோப்பாவில் அவர்களோடு ஒரு ஆட்டம் பார்க்க நினைத்தால் சில நடைமுறை விஷயங்கள். தகுதிச் சுற்றில் விருந்தினர் பகுதிக்கு வழக்கமாக மைதானத்தின் 5 சதவீத இருக்கைதான். 50,000 பேர் கொள்ளும் இடத்தில் 2,500. அந்த டிக்கெட் சங்கம் வழியாக, ஏற்கெனவே பல ஆட்டங்களுக்குப் போனவர்களுக்கே பெரும்பாலும் போகும், அதனால் கள்ளச் சந்தையில் விலை ஏறும், போலியும் கிடைக்கும். டிக்கெட் இல்லாதவர்கள் வாசலில் முட்டாமல் பப்பிலேயே பார்ப்பார்கள், நீங்களும் அதையே செய்யுங்கள். மதியமே போய்விடுங்கள், மாலையில் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. கண்ணாடிக் குவளைகள் கீழே உடைந்து கிடக்கும், செருப்போடு போகாதீர்கள். கடைசி ரயிலை நம்பாமல், நடந்து திரும்பும் தூரத்தில் அறை எடுங்கள். "நீங்கள் பிரிட்டிஷ்தானே" என்று மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். கொடி வாங்கினால் கம்பத்தின் பக்கம் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு இருந்தால் அது ஐவரி கோஸ்ட்.