போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக்: கேள்வி பதில்

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவுக்கு வெளியே வீடு வாங்கியிருக்கிறோம், சொந்த போர்வெல். சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலையே இல்லை. ஆர்சனிக் என்ற நஞ்சு தண்ணீரில் எங்கிருந்து வரும்?

பதில்: தொழிற்சாலை வேண்டியதில்லை, அது மண்ணிலேயே இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கிறது. உங்கள் ஊர் இருக்கும் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் அடியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். போருக்குத் தண்ணீர் தருவது மணல். களிமண்ணுக்குள் காற்று போகாது. அங்கே துரு கரைந்து ஆர்சனிக் நீரில் இறங்கிவிடும். வறட்சியில் கால்வாய் வற்றினால் ஆளாளுக்கு மோட்டார் போடுவார்கள். மணலில் நீரழுத்தம் குறையக் குறைய, களிமண் ஈரத்துணி மாதிரி பிழியப்பட்டு அந்த நீர் உங்கள் போருக்கு வரும். பிழிந்த களிமண் பெரும்பாலும் மறுபடி உப்பாது, தரையே இறங்கிவிடும். அதே பள்ளத்தாக்கில் மெண்டோட்டா ஊர் அருகே ஒரு கம்பத்தில் 1925, 1955, 1977 என்று பலகை மாட்டி எடுத்த படம் ஒன்று உண்டு. 1925 பலகை சுமார் 9 மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. தரை ஒரு காலத்தில் அங்கே இருந்ததாம்!

கேள்வி: அப்படியானால் இனி சரியாகவே ஆகாதா?

பதில்: தரை ஏறாது, தண்ணீர் தேறலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் வேகமாக இறங்கிய இடங்களில் ஆர்சனிக் அதிகம். இறக்கம் மட்டுப்பட்ட இடங்களில் குறைவு.

கேள்வி: மழை நன்றாகப் பெய்யும் ஊருக்குக் கவலை இல்லைதானே?

பதில்: ஊர் பெருத்தாலே போதும். வியட்நாமின் ஹனோய் நகரம் உறிஞ்சிய உறிஞ்சலில், பக்கத்து வான் ஃபுக் கிராமத்தின் அடியில் நீரோட்டமே திசை மாறிவிட்டது. சுத்தமான பழைய மணலுக்குள் பக்கத்திலிருந்த ஆர்சனிக் நீர் 2 கிலோமீட்டருக்கு மேல் புகுந்தது. நல்லவேளை, மணல் பிடித்து வைத்துக்கொண்டதால் ஆர்சனிக் மட்டும் சுமார் 120 மீட்டர்தான் நகர்ந்திருந்தது.

கேள்வி: கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. நீர் ஆவியாகும், ஆர்சனிக் பாத்திரத்திலேயே நிற்கும். சோறு வடிக்கவும் வேண்டாம். குளிக்க, துணி துவைக்கப் பொதுவாகப் பயமில்லை.

கேள்வி: ஆர்ஓ (சவ்வு வழியே நீரை வடிகட்டும் கருவி) போதுமா?

பதில்: முதலில் லேப் பரிசோதனை. நிறம், வாடை, ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரம்பு 2006 முதல் அமலில் இருக்கிறது, ஆனால் அது பொதுக் குடிநீருக்குத்தான். சொந்தக் கிணறு உங்கள் பாடு. ஆழத்து நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்ஓவில் சரியாக நிற்காத வடிவில் இருக்கும். முன்னால் குளோரின் போட்டு மாற்ற வேண்டும், அந்தக் குளோரின் சவ்வைக் கெடுக்காமலிருக்க நடுவில் கரி ஃபில்டர். மாட்டிய பிறகு குழாய்த் தண்ணீரை இன்னொரு தடவை லேபுக்கு அனுப்புங்கள்.