கேள்வி–பதில்: 04 என்றால் பினாங்குதானா?

கேள்வி: கடைப் பலகையில் +6004 என்று தொடங்கும் எண்ணைப் போட்டோம். தமிழ்நாட்டிலிருந்து அழைத்தால் லைன் கிடைப்பதில்லை. 04 என்ற தொலைபேசிக் குறியீடு பினாங்குக்கு மட்டும்தானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கோளாறு அந்தச் சுழியத்தில்தான். 04-இன் முதல் சுழியம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் குறியீடான +60, அடுத்து 4, பிறகு ஏழு இலக்கம். பலகையில் +604 என்று திருத்திவிடுங்கள். கைப்பேசியிலிருந்து அழைக்கும் உள்ளூர்க்காரரும் 04 சேர்க்காவிட்டால் லைன் போகாது. 04 பகுதிக்குள்ளேயே வீட்டு போனிலிருந்து அழைப்பவருக்கு அது தேவையில்லை.

04 பினாங்கின் தனிச்சொத்து அல்ல; பக்கத்து மாநிலங்களான கெடாவும் பெர்லிசும் பங்காளிகள். ஊரைக் காட்டிக்கொடுப்பது அடுத்த இலக்கம்: 2 என்றால் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன், 3 உங்கள் பட்டர்வொர்த், 4 சுங்கை பட்டாணி, 7 அலோர் ஸ்டார். தீவுக்காரரும் கரைக்காரரும் யார் அசல் பினாங்கு என்று மல்லுக்கட்டினாலும் குறியீடு ஒன்றுதான்!

கோலாலம்பூரின் 03 சிலாங்கூருக்கும் பொது, எட்டு இலக்கம். பகாங்கில் இருக்கும் கெந்திங் மலைக்கும் 03, கேமரன் மலைக்கோ பேராக்கின் 05. மாநில எல்லையைத் தொலைபேசி மதிப்பதில்லை.

01 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணில் ஊர் தெரியாது. 'பினாங்குக் கடை' என்று காட்ட நினைத்தால் 04 எண்ணையே பெரிதாக எழுதுங்கள்.